துபாயில் ஹஜ்ஜுப் பெருநாள்: நாமே செய்ய வேண்டியவை

வேலைக்கு வந்து தங்கியிருக்கும் நம் பிள்ளைகளில் பலர் ஹஜ்ஜுப் பெருநாளைத் தூங்கியே கழித்துவிடுகிறார்கள். குர்பானிக்கான பணம் ஊருக்குப் போய்விட்டது, லீவு கிடைத்திருக்கிறது, வெளியே அனல் அடிக்கிறது. விடிகாலையில் தொழுதுவிட்டு வந்து படுத்தால் பிற்பகல் அஸர் தொழுகைக்குத்தான் எழுந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் எழுப்பிவிட வாப்பா இருப்பார், குளிக்க வெந்நீர் வைக்க உம்மா இருப்பார், பள்ளியிலிருந்து தக்பீர் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே அந்த ஏற்பாட்டை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். செய்தால் பெருநாள் நிறைவாகவே வருகிறது.

நான் காயல்பட்டினத்துக்காரி, துபாயின் தேரா பகுதியில் குடும்பத்தோடு இருக்கிறேன். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு). ஹனஃபிகளுக்குச் சட்டம் மாறும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி. நோன்புப் பெருநாள் மாதிரி கடைசி இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. துல்ஹஜ்ஜுக்கு முந்தைய மாதமான துல்கஃதா 29 அன்று மாலை பிறை பார்த்து அறிவித்துவிடுவார்கள். துல்ஹஜ் பிறந்து பத்தாம் நாள் பெருநாள். அமீரகம் சவூதியோடு சேர்ந்து கொண்டாடுகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரு நாள் கழித்து வரும். 2023-இல் இங்கே ஜூன் 28, ஊரில் 29. 2024-இல் இங்கே 16, ஊரில் 17. 2025-இல் இங்கே 6, ஊரில் 7. இதனால் ஒவ்வொரு வருடமும் ஒரு குழப்பம் வருகிறது: "நான் யாரோடு பெருநாள் கொண்டாடுவது?" நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் ஜமாஅத்தோடுதான். பெருநாளுக்கு முந்தின நாளான துல்ஹஜ் 9-இல் வைக்கும் அரஃபா நோன்பும் இந்த ஊர்த் தேதிப்படிதான். ஊருக்கு மறுநாள் போன் போட்டு ஈத் முபாரக் சொல்லிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் கால் இங்கே போகாது, போட்டிம் (BOTIM) என்ற கால் ஆப்பை முன்னாடியே இரண்டு பக்கமும் போட்டு வைத்துவிடுங்கள்.

பிறை அறிவிப்பதற்கு முன்பே நகம் வெட்டும் விஷயத்தை முடிவு செய்துவிட வேண்டும். குர்பானி கொடுக்க நிய்யத் (எண்ணம்) வைத்தவர் துல்ஹஜ் முதல் நாளிலிருந்து, தன் பிராணி அறுக்கப்படும் வரை நகமும் முடியும் வெட்டாமல் இருப்பது சுன்னத் (நபிவழி). அதனால் துல்கஃதா 29 அன்று பகலிலேயே ஆண்கள் சலூனுக்குப் போய் வந்துவிடுவது நல்லது. இதில் வெளிநாட்டுக்காரர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் ஆடு ஊரில் அறுக்கப்படுகிறது என்றால், இங்கே பெருநாள் காலையில் குளித்து முகம் மழித்து நகம் வெட்டிவிட்டுத் தொழுகைக்குப் போகிறீர்களே, அந்த நேரத்தில் ஊரில் இன்னும் துல்ஹஜ் 9. ஆடு உயிரோடு கொட்டிலில் நிற்கிறது. ஊரிலிருந்து "அறுத்தாச்சு" என்று செய்தி வந்த பிறகே வெட்டுங்கள்.

அதே மாதிரி, ஊரில் அறுக்கச் சொன்னவர்கள் எந்த நாளில் என்பதையும் பேசிக்கொள்ள வேண்டும். பிராணி இருக்கும் ஊரில் பெருநாள் தொழுகை முடிந்த பிறகுதான் அறுப்பு. ஷாஃபிஈகளுக்கு துல்ஹஜ் 13 சூரியன் மறையும் வரை நேரம் உண்டு, ஹனஃபிகளுக்கு 12 வரைதான். நீங்கள் இங்கே ஒரு நாள் முந்தி இருப்பதால் ஊரின் முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ முடித்துவிடச் சொல்லுங்கள். அது இங்கே இரண்டாவது, மூன்றாவது நாள். இரண்டு பக்கக் கணக்கிலும் சரியாக வந்துவிடும்.

அடுத்து, குர்பானியை எங்கே கொடுப்பது? ஊரில் கொடுத்தால் சொந்தக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் போய்ச் சேரும் என்று நினைப்பது நியாயம்தான். எமிரேட்ஸ் ரெட் கிரசென்ட் போன்ற அறக்கட்டளைகளில் பணம் கட்டினாலும் அவர்கள் நம் பெயரில் அறுத்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வசதி இருந்தால் ஒன்றையாவது இங்கேயே, கண்முன்னால் கொடுங்கள் என்பேன். இந்த இபாதத்தில் பாதி, கறியைப் பங்கு வைத்து ஆளுக்கு ஆள் கொண்டு கொடுப்பதில் இருக்கிறது. பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்பவர்கள் என்றால் அவர்கள் அதைப் பார்க்கவே மாட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு வீட்டுக்கு ஒருவர் கொடுத்தாலே சுன்னத் நிறைவேறிவிடும். ஹனஃபி வீடுகளில் நிஸாப் (மார்க்கம் வகுத்த குறைந்தபட்ச) அளவு செல்வம் உள்ள ஒவ்வொருவர் மீதும் வாஜிப், அதாவது கட்டாயம். தாய்மார்களே, கணவர் கொடுத்துவிட்டார் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் நகைக்கு உங்கள் பெயரில் தனிக் கணக்கு உண்டு.

இங்கே கொடுப்பதாக முடிவு செய்துவிட்டால் மூன்று வழி இருக்கிறது. போன் ஆப்பில் பதிவு செய்தால் வீட்டுக்கே கறி வந்துவிடும். அதில் சாதாரணக் கறி ஆர்டரா, உழ்ஹிய்யாவா (குர்பானியா) என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். யார் பெயரில் என்பதையும் எழுதுங்கள். பெருநாள் தொழுகைக்குப் பிந்தைய நேரம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தொழுகைக்கு முன்னால் அறுத்தால் அது வெறும் கறிதான், குர்பானி ஆகாது. இரண்டாவது, நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு மாடு. மூன்றாவது, நேரே சந்தைக்குப் போய் ஆடு பிடிப்பது. எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும்.

துபாயின் அல் குஸைஸ் பகுதியில் கால்நடைச் சந்தையும் மாநகராட்சி அறுப்புக் கூடமும் ஒரே பகுதியில் இருக்கின்றன. பெருநாளுக்கு நான்கைந்து நாள் முன்னால், மஃரிபுக்குப் பிறகு போங்கள். வெயிலும் குறைந்திருக்கும், விலையும் பேசலாம். முந்தின நாள் போனால் அவர்கள் சொன்னதுதான் விலை. சோமாலியா ஆடு சிறியது, விலை குறைவு. இந்தியா, பாகிஸ்தான் ஆடுகள் அதற்கு மேல். நஜ்தி, நயீமி செம்மறிகளும் உள்ளூர் ஆடுகளும் அதற்கும் மேல். சிறிய ஆடு என்று தயங்க வேண்டாம். வயதும் ஆரோக்கியமும் இருந்தால் போதும்.

வயதைத்தான் கண்ணால் பார்க்க வேண்டும். வியாபாரியிடம் கேட்டால் "கபீர், கபீர்" (பெரியது) என்றுதான் சொல்வார். பல்லைக் காட்டச் சொல்லுங்கள். அவர் ஒரு கையால் தாடையைப் பிடித்து, கட்டைவிரலால் கீழ் உதட்டை இறக்கிக் காட்டுவார். ஆட்டுக்கு முன்பக்கத்தில் மேலே பல்லே கிடையாது, கீழ்வரிசை மட்டும்தான். எல்லாம் அரிசி மாதிரிச் சின்னதாக, ஒரே அளவில் இருந்தால் அது பால்பல், குட்டி. நடுவில் இரண்டு மட்டும் அகலமாக, மற்றவற்றைவிட உயர்ந்து நின்றால் பல் போட்ட ஆடு. நடுவிலே நாலு அகலப் பல் இருந்தால் இன்னும் வயது கூடியது. ஹனஃபியில் வெள்ளாட்டுக்கு ஒரு வயது முடிந்தால் போதும், ஷாஃபிஈயில் இரண்டு வயது முடிய வேண்டும். செம்மறிக்கு எங்களுக்கும் ஒரு வயது போதும். அதற்கு முன்பே பல் விழுந்துவிட்டாலும் கூடும். அதனால் நாங்கள் பெரும்பாலும் செம்மறிதான் எடுப்போம். மாட்டுக்கு இரண்டு வயது, ஒட்டகத்துக்கு ஐந்து. பல்லைப் பார்த்த பிறகு ஆட்டைக் கொஞ்ச தூரம் நடக்க விடச் சொல்லுங்கள். நொண்டி இருக்கக்கூடாது, கண் குருடாக இருக்கக்கூடாது, நோயோ எலும்பும் தோலுமான மெலிவோ இருக்கக்கூடாது. முதுகெலும்பின் மேல் கையை வைத்து அழுத்தினால் சதை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆட்டை வாங்கியதும் அடையாள எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஏற்றிவந்து பால்கனியில் கட்டுவதோ, கட்டடத்துக்குப் பின்னால் அறுப்பதோ இங்கே சட்டப்படி கூடாது. அறுப்பு, கூடத்தில் மட்டும்தான். அறுப்பதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பார்க்கிறார், நமக்கும் அது நல்லதுதானே.

அரஃபா நாள் என்னைப் பொறுத்தவரை பெருநாளைவிட ஒரு படி மேலானது. அன்றைக்கு நோன்பு வைத்தால் கடந்த வருடப் பாவத்துக்கும் வரும் வருடப் பாவத்துக்கும் பரிகாரம் என்று ஹதீஸ் இருக்கிறது. அமீரகத்தில் துல்ஹஜ் 9-உம் விடுமுறை, அதற்கடுத்து மூன்று நாள் பெருநாள் விடுமுறை. ஜூன் மாதத்தில் ஃபஜ்ர் சுமார் நாலு மணிக்கு, மஃரிப் ஏழேகாலை ஒட்டி. பதினைந்து மணி நேர நோன்பு. அதனால் ஸஹரைத் தவறவிடாதீர்கள், தண்ணீரை இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெளியில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயில் வேலை தடை உண்டு. பெருநாள் அதற்கு முன்னால் வந்தால் அந்தப் பாதுகாப்பு இருக்காது. லீவு கிடைக்காமல் வெயிலில் நிற்க வேண்டியவர் உடம்பைப் பார்த்து முடிவு செய்யட்டும். இது சுன்னத்தான நோன்பு. விடுமுறை நாளில் வேலைக்கு வரச் சொன்னால் மாற்று விடுப்போ, அல்லது அன்றைய சம்பளத்தோடு அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாகவோ தர வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது. கேட்க வெட்கப்படாதீர்கள்.

அன்று பகல் ஒன்றேகால், ஒன்றரை மணிக்குப் போனை எடுத்து அரஃபா குத்பாவைக் கேளுங்கள். அரஃபா மைதானத்து நமிரா பள்ளியிலிருந்து நேரலை. 2022-இலிருந்து அதைத் தமிழிலும் மொழிபெயர்க்கிறார்கள், மனாரத்துல் ஹரமைன் தளத்தில் மொழியைத் தேர்வு செய்து கேட்கலாம். இலட்சக்கணக்கான ஹாஜிகள் அந்த மைதானத்தில் நிற்கும் அதே நேரத்தில், நம் பாஷையில் அந்த உரையைக் கேட்பது பெரிய பாக்கியம். நாங்கள் ஹாலில் போனை நடுவில் வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். அஸருக்குப் பிறகு மஃரிப் வரை துஆவுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். சமையலை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், குறிப்பாகப் பெண்கள். நாளைக்கு என்ன ஆக்குவது என்ற கவலையில்தான் பலருக்கு இந்த நேரம் கைநழுவிப் போகிறது.

தக்பீர் அரஃபா நாள் ஃபஜ்ரிலிருந்தே தொடங்குகிறது. ஒவ்வொரு பர்ளுத் (கடமையான) தொழுகைக்குப் பின்னும், 13-ஆம் நாள் அஸர் வரை. "அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர், லா இலாஹ இல்லல்லாஹு வல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர் வலில்லாஹில் ஹம்து." ரூமில் நாலு பேர் இருந்தால் ஒருவர் சத்தமாகத் தொடங்குங்கள், மற்ற மூவரும் தானாகச் சேர்ந்துவிடுவார்கள்.

பெருநாள் தொழுகை இங்கே ரொம்ப சீக்கிரம். ஜூனில் சூரியன் ஐந்தரைக்கு உதிக்கிறது, தொழுகை 5.45-ஐ ஒட்டி. ஊரில் எட்டு மணிக்குப் போய்ப் பழகியவர்கள் ஏமாந்துவிடுவார்கள். ஃபஜ்ர் தொழுத கையோடு குளித்துக் கிளம்புங்கள். சாப்பிடாமல் போவதுதான் இந்தப் பெருநாளின் சுன்னத். நோன்புப் பெருநாளில்தான் பேரீச்சம்பழம் தின்றுவிட்டுப் போவது. எந்தெந்தத் திடலில், எந்தப் பள்ளியில் தொழுகை என்ற பட்டியலை முன்னமே வெளியிடுவார்கள். தேராக்காரர்களுக்கு அல் பராஹா ஈத் திடல் பக்கம். முஸல்லா விரிப்பு, தண்ணீர் பாட்டில், செருப்பு வைக்க ஒரு பை, இது மூன்றும் கையில் இருக்கட்டும். ஒரு வழியாகப் போய் வேறு வழியாக வாருங்கள்.

ஹனஃபிப் பிள்ளைகள் கவனிக்க: இங்கே இமாம் இரண்டு ரக்அத்திலும் ஓதுவதற்கு முன்பே கூடுதல் தக்பீர்களைச் சொல்லிவிடுவார், முதல் ரக்அத்தில் ஐந்துக்கும் மேல், இரண்டாவதில் ஐந்து. உங்கள் ஊரில் முதல் ரக்அத்தில் மூன்று, இரண்டாவதில் ஓதிய பிறகு மூன்று, நான்காவது தக்பீருக்கு ருகூஃ (குனிதல்). அந்தப் பழக்கத்தில் நாலாவது தக்பீருக்குக் குனியப் போய் இரண்டு பக்கமும் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. ஒன்றும் எண்ண வேண்டாம், இமாமைப் பின்தொடருங்கள், போதும். தொழுகை முடிந்ததும் குத்பா இருக்கிறது. பாதிப் பேர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நீங்கள் உட்காருங்கள்.

பெண்கள் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நம் ஊர்களில் திடலுக்குப் போய்ப் பழகாத பெண்கள் இங்கேயும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஈத் திடல்களில் பெண்களுக்குத் தனி இடம், தனி வாசல் உண்டு. பெருநாள் அன்று கன்னிப்பெண்களையும் மாதவிடாய்க்காரர்களையும்கூட வெளியே அழைத்து வரும்படி ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் கட்டளையிட்டதாக உம்மு அதிய்யா ரலியல்லாஹு அன்ஹா அறிவிக்கிறார்கள். மாதவிடாய்க்காரர்கள் தொழும் இடத்தை விட்டு ஒதுங்கி, துஆவில் கலந்துகொள்வார்கள். மேலாடை இல்லாதவளுக்குத் தோழி தன்னுடையதைக் கொடுத்து உதவட்டும் என்றும் அந்த ஹதீஸில் வருகிறது. அவ்வளவு தூரம் சொன்ன பிறகு நாம் வீட்டில் இருப்பானேன்? அங்கே போனால் சூடானி, மிஸ்ரி (எகிப்துக்காரி), மலையாளி, வங்காளி என்று எல்லாப் பெண்களும் தோளோடு தோள் நிற்பார்கள். முன்பின் தெரியாத கிழவி ஒருத்தி உங்கள் பிள்ளை கையில் மிட்டாயை வைத்துவிட்டுக் கன்னத்தில் முத்தம் கொடுப்பாள்.

தொழுகை முடிந்து நேரே அறுப்புக் கூடத்துக்குப் போகலாம், ஆனால் முதல் நாள் காலை கூட்டம் நெரிக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மாலையோ இரண்டாம் நாள் காலையோ நிம்மதி. டோக்கனைக் கொடுக்கும்போது நிய்யத்தை மனதில் புதுப்பித்து, அறுப்பவரை உங்கள் வக்கீலாக (பிரதிநிதியாக) ஆக்கிவிடுங்கள்: "என் சார்பாக அறுக்கிறீர்கள்" என்று ஒரு வார்த்தை. உள்ளே நின்று பார்க்க விடுவது இடத்துக்கு இடம் மாறும், விட்டால் பாருங்கள். கூடத்துக்கான கட்டணத்தைக் காசாகத்தான் கொடுக்க வேண்டும், கறியையோ தோலையோ கூலியாகக் கொடுக்கக்கூடாது. துண்டு எப்படிப் போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈரல், தலை, கால் எல்லாம் வேண்டுமானால் அதையும் அப்போதே. காரில் ஐஸ் பெட்டி கட்டாயம். அந்த வெயிலில் டிக்கியில் வைத்த கறி வீடு சேர்வதற்குள் வீணாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஈரலை எடுத்து மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம் போட்டு வறுத்துவிடுங்கள், காலைப் பசியாறலுக்கு இடியாப்பத்தோடு அதுதான். குர்பானிக் கறியிலிருந்து முதலில் சாப்பிடுவது நபிவழி என்பதால் மற்ற ஆக்கமெல்லாம் பிறகு. நெய்ச்சோறும் தால்ச்சாவும் மதியத்துக்கு. வட்டலப்பத்தை முந்தின இரவே அவித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம்.

பங்கு வைப்பதை அடுக்களை மூலையில் அவசரமாகச் செய்யாதீர்கள். தரையில் பாய் விரித்து, மேலே சுத்தமான பிளாஸ்டிக் தாள் போட்டு, பிள்ளைகளையும் உட்கார வைத்துச் செய்யுங்கள். மூன்று பங்கு: ஏழைகளுக்கு ஒன்று, சொந்தபந்தம் அக்கம்பக்கத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. ஒரே பங்கில் எலும்பும் இன்னொன்றில் சதையும் விழாமல் எல்லாவற்றையும் கலந்து போட வேண்டும். நம் வீட்டுப் பையில் தொடைக்கறி கூடுதலாக விழுந்திருந்தால் அதைப் பார்த்து எடுத்துப் போடச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

துபாயில் ஏழைகளை எங்கே தேடுவது என்று கேட்பார்கள். உங்கள் கட்டடத்தின் வாட்ச்மேன், படிக்கட்டு கூட்டும் வங்காளித் தம்பி, பைக்கில் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகள், கீழே பலசரக்குக் கடைப் பையன். ஷாஃபிஈயில் ஏழைக்குப் போகும் பங்கு பச்சைக் கறியாகவே போக வேண்டும். ஆனால் பெட் ஸ்பேஸில் (ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து) இருப்பவனுக்கு அடுப்பு கிடையாது, பச்சைக் கறியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அதனால் முதலில் கேளுங்கள்: "தம்பி, ரூமில் சமைக்க வசதி இருக்கா?" இருக்கிறவருக்குப் பச்சைக் கறி, இல்லாதவருக்கு வீட்டுப் பங்கிலிருந்து ஆக்கிய கறி, சோற்றோடு. மாற்று மதத்து அக்கம்பக்கத்தாருக்குக் குர்பானிக் கறி கொடுப்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிம் கூடாது என்றால் கடைக் கறி வாங்கித் தனியாக ஒரு சட்டி பிரியாணி போட்டுக் கொடுங்கள். எதிர் ஃபிளாட்டுக்காரர் நம் பெருநாளில் வெறுங்கையோடு இருக்கக்கூடாது.

இதில் நேரம் தாமதிக்காதீர்கள். அறுத்த அன்று இரவுக்குள் வெளிப் பங்குகள் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். ஃப்ரீசருக்குள் போன கறி அப்புறம் நம் கறியாகவே தங்கிவிடுகிறது.

பெருநாளும் அடுத்த மூன்று நாளும் நோன்பு வைப்பது கூடாது, 13 வரை. களா நோன்பு (விடுபட்ட ரமலான் நோன்பு) பாக்கி வைத்திருக்கும் பெண்கள் லீவில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் 14-இலிருந்து தொடங்குங்கள். 13 அன்று ஆபீஸும் கடையும் திறந்துவிடும், ஆனால் அஸர் வரை தக்பீர் இருக்கிறது. வேலை இடத்துத் தொழுகை அறையில் ஸலாம் கொடுத்ததும் எழுந்து ஓடிவிடாமல் சொல்லிவிட்டுப் போங்கள்.